இரண்டாவது பிரேக்

மாஸ்டரிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது; ஆனால் அவர் அதை ஓட்டுவதைப் பார்த்தவர்கள் குறைவு. காலையில் வாசலிலிருந்து வண்டியைச் சந்தின் முனைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். பிறகு இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொள்வார். அதன்பின் மாலைவரையில் யார் யாரோ ஓட்ட, ஊரின் தெருக்களையெல்லாம் அந்த இருக்கையில் இருந்தபடியே அளந்துகொண்டிருப்பார்.

"ஊரு உலகத்துல டிரைவருக்கு நாமதான் சம்பளம் கொடுக்கணும். உங்களுக்கு டிரைவர்தான் சம்பளம் கொடுக்கிறாங்க. ஆனாலும் மூஞ்சியில ஒரு சந்தோஷத்தைக் காணோம்" என்பாள் அவர் மனைவி.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. பள்ளி என்பது பெயரளவில்தான். ஓர் ஆசிரியரும் ஒரு வண்டியும் ஒரு பெயர்ப்பலகையும் சேர்ந்ததே அதன் முழு உருவம். வீட்டின் முன்னறையே அலுவலகம். அங்கே ஓர் இரும்பு மேசையும், சாலைக் குறிகள் அச்சிட்ட படமும், பின்னோக்கி ஓட்டுவதை விளக்குவதற்காக இரண்டு பொம்மைக் கார்களும் இருந்தன. அந்தப் பொம்மைகளில் ஒன்றுக்குச் சக்கரம் ஒன்று இல்லை. "இது பார்க்கிங்ல நிக்கிற வண்டி, இதுக்குச் சக்கரம் தேவையில்லை" என்று மாஸ்டர் சமாளித்துவிடுவார்.

பயிற்சி வண்டியாதலால் பக்கத்து இருக்கையின் முன்னாலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் பொருத்தப்பட்டிருந்தன. ஓட்டுபவரின் பெடல்களோடு இரும்புக் கம்பிகளால் அவை பிணைக்கப்பட்டிருந்தன. ஓட்டுபவர் மறந்தாலும், மலைத்தாலும், கண்ணை மூடிக்கொண்டாலும் மாஸ்டரின் வலக்கால் வண்டியை நிறுத்திவிடும். அந்தக் காலைப் பற்றி அவருக்கு அளவிறந்த பெருமை. சைக்கிள்காரன் திரும்பலாமா என்று நினைக்கும்போதே அது அசையும். மூடிய கதவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தையைக்கூட அது மோப்பம் பிடித்துவிடும். அவரிடம் கற்றவர்கள் எண்ணிலடங்கார். இருந்தும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனாலேயே அவருக்குப் 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. அப்படி அழைப்பவர்களைத் திருத்தாமல், கேட்காதவர்போல் இருந்து ரசிப்பார்.

இளமையில் அவர் வேறொருவரின் பள்ளியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பின் கடன் வாங்கி, பலர் கைபட்டு வந்த ஒரு பழைய வண்டியோடு தனியே தொடங்கினார். அந்த வண்டி பாதி நாள் பயிற்சியிலும் பாதி நாள் பட்டறையிலும் கழித்தது. அதை ஒருவாறு தள்ளிவிட்டு இந்தக் காரைப் புதிதாக வாங்கினார். அவர் வாழ்க்கையில் பிறர் கைபடாமல் வந்து சேர்ந்த பெரிய பொருள் அது ஒன்றே. இருக்கைகளின் மேலிருந்த கண்ணாடித் தாளைக் கிழிக்க மனமில்லாமல், அது தானாகக் கிழிந்து உதிரும்வரையில் விட்டுவைத்தார். கோடைக்காலத்தில் கற்க வந்தவர்களின் முதுகு அந்தத் தாளோடு ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது சர்ரென்று சத்தம் கேட்கும்.

வண்டியைப் பற்றி யோசனை கேட்க அவரிடம் பலர் வருவார்கள். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை எப்போது வாங்கலாம் என்பதே பெரும்பாலோர் கேள்வியாக இருக்கும். மாஸ்டர் தயங்காமல் விடை சொல்வார்.

"எப்ப மாத்தலாம்னு யோசனை வருதோ, அன்னைக்கே மாத்திடுங்க. யோசிக்கிறப்பவும் வண்டிக்கு வயசு ஏறிக்கிட்டேதான் இருக்கும்."

அந்த விடையைக் கேட்டுப் பலர் பயனடைந்தார்கள். சொன்னவர் மட்டும் அதன்படி நடக்கவில்லை.

வண்டி வாங்கிய ஐந்தாம் ஆண்டில் அவருடைய மைத்துனன் வந்து, வண்டியை மாற்றும் பேச்சை அழுத்தமாக எடுத்தான். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகன் அவன். குடும்பத்தில் அனைவருக்கும் அவன் 'கமிஷன்'தான். உடன்பிறந்த அக்காளே அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மாமா, இப்பக் கொடுத்தீங்கன்னா ஷோரூம்காரன் வாசலுக்கே வந்து எடுத்துக்குவான். இன்னும் ரெண்டு வருஷம் போச்சுன்னா நாம அவன் வாசலுக்குப் போகணும். அதுக்கப்புறம் வாசலையே பூட்டிடுவான்" என்றான்.

"இப்பத்தான் மாப்ளே நாலு டயரையும் மாத்தினேன். எவனோ ஓட்டுறதுக்கா நான் டயர் போட்டேன்?"

"டயர் தேஞ்சிருந்தப்பவும் நான் வந்து சொன்னேனே."

"அப்ப டயர் தேஞ்சிருந்துச்சு. தேஞ்ச டயரைக் காட்டி எந்த முகத்தோட விலை பேசுறது?"

கமிஷன் தன் அக்காளைப் பார்த்தான். அவள், "என்னைப் பார்க்காதே. இந்த வீட்டுல மிக்ஸியை மாத்தவே நான் அதைக் கீழே போட வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்தப் பேச்சு ஆண்டுதோறும் தொடர்ந்தது. வண்டியில் ஏதேனும் பழுது இருந்தால், அதைச் சரிசெய்யாமல் எப்படிக் கொடுப்பது என்பார். சரிசெய்துவிட்டால், இவ்வளவு செய்தபின் எதற்காகக் கொடுப்பது என்பார். கற்றுக்கொள்பவர்களின் கால்பட்டுக் கிளட்ச் தேயும், மாற்றுவார். கிளட்ச் புதிதாக இருக்கும்போது பேட்டரி இறங்கும், அதையும் மாற்றுவார். இவ்வாறு வண்டியின் ஒரு பாகமேனும் எப்போதும் புதிதாக இருந்துகொண்டே இருந்தது. அந்தப் புதிய பாகத்தை இழக்க அவருக்கு மனம் வரவேயில்லை. இதற்கிடையில் வண்டி என்னும் முழுப்பொருள் கிழடுதட்டிப்போனதை அவர் கவனிக்கத் தவறினார். கவனித்தும் கவனியாதவர்போல் இருந்தார் என்பதே பொருந்தும்.

காலம் மாறியது. முன்னறைக்கு வந்தவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே, "கியர் இல்லாத வண்டி இருக்கா மாஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கியர் வண்டியில் கற்றவன் எதையும் ஓட்டுவான் என்று அவர் விளக்குவார். வந்தவர்களும் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் பெரிய சாலையில் இருந்த குளிரூட்டப்பட்ட பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். காலை முழுவதும் வண்டி ஓடிய நிலை மாறி, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் வெறும் நேரம் விழுந்தது. அந்த நேரங்களில் மாஸ்டர் வண்டியைத் துடைத்தார். துடைத்துத் துடைத்துக் கூரையில் சாயம் வெளுத்தது.

மற்றொரு குறையும் இருந்தது. அவரிடம் கற்றவர்கள் உரிமத் தேர்வில் முதல்முறையிலேயே தேறுவது அரிதாக இருந்தது. வண்டியைத் தெளிவாக ஓட்டுவார்கள், வளைப்பார்கள், பின்னோக்கி எடுப்பார்கள். மாஸ்டர் இறங்கி, அதிகாரி பக்கத்தில் ஏறி அமர்ந்ததும் எங்கேயாவது கோட்டைத் தாண்டி நிற்பார்கள். "பரீட்சை பயம்" என்று மாஸ்டர் முடிவு கட்டியிருந்தார். அதற்குமேல் அவர் யோசித்ததில்லை.

வண்டிக்குப் பன்னிரண்டாம் ஆண்டு நடந்தபோது போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டின் முடிவோடு, பன்னிரண்டு வயது கடந்த வண்டிகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. புதிய வண்டி இல்லையென்றால் பள்ளியின் அனுமதி முடிந்துவிடும். மாஸ்டருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் பெரிய சாலைப் பள்ளிக்காரரிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்ற கேள்வி எழுந்தது. பழைய வண்டிக்கு ஒரு நல்ல மதிப்புக் கிடைத்தால் மட்டுமே புதிய வண்டிக்கு முன்பணம் கட்ட முடியும். வேறு வழி ஏதும் அவரிடம் இல்லை.

"இப்பவாவது என் பேச்சைக் கேளுங்க மாமா" என்றான் கமிஷன். "ஷோரூம்ல இந்த மாசம் முடியறவரைக்கும் பழைய வண்டிக்குக் கூடுதலாப் போட்டு எடுக்கிறாங்க. மாசம் போச்சுன்னா இது வண்டியில்ல, வெறும் இரும்பு."

"சரி, வரச் சொல்லு" என்றார் மாஸ்டர்.

அப்படி அவர் சொன்னதைக் கேட்டு, உள்ளே இருந்த மனைவி கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

மதிப்பிடுவதற்கு ஓர் இளம்பெண் வந்தாள். வண்டியைச் சுற்றிவந்து, கதவுகளைத் திறந்து மூடி, கையில் வைத்திருந்த திரையில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். கீறல் ஒன்றும் இல்லாததைக் கண்டு அவளுக்கே வியப்பு. பக்கத்து இருக்கையின் கீழே குனிந்ததும் அவள் முகம் மாறியது.

"சார், இது என்ன, ரெண்டு செட் பெடல் இருக்கு?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டிம்மா. அது இல்லாம எப்படி?"

"எங்க சிஸ்டம்ல இது வராது சார். சொந்த உபயோக வண்டின்னாதான் ஏத்துக்கும். இதைக் கழட்டி, ஓட்டையெல்லாம் அடைச்சு, எழுத்தை அழிச்சுக் கொடுத்தீங்கன்னா நல்ல விலை வரும். வண்டி ரொம்பச் சுத்தமா இருக்கு."

கடைசியாக அவள் சொன்னது மாஸ்டரின் நெஞ்சைத் தொட்டது. அடுத்த திங்கட்கிழமை வண்டியை ஒப்படைப்பதென்று பேசி முடித்தார்கள்.

வியாழக்கிழமை பட்டறையில் அந்த வேலை நடந்தது. மெக்கானிக், மாஸ்டருக்குப் பல காலப் பழக்கம். கம்பிகளை அறுத்து, பெடல்களைப் பிடுங்கி, துளைகளின்மேல் தகடு வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் புதிய ரப்பர் விரிப்பைப் போட்டான். முடிந்தபின் பார்த்தால், அங்கே ஏதேனும் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

"பல்லு பிடுங்கின மாதிரி இருக்கு மாஸ்டர்" என்றான் மெக்கானிக். "ரெண்டு நாளைக்கு நாக்கு அங்கேயே போகும். அப்புறம் பழகிடும்."

மாஸ்டர் சிரித்தார். பெயர்ப்பலகையை வண்டியின் கூரையிலிருந்து கழற்றிக் கையோடு வீட்டுக்கு எடுத்துவந்தார். புதிய வண்டியில் மாட்டுவதற்காக அதை மேசைக்கடியில் வைத்தார்.

மறுநாள், அவரிடம் ஓட்டப் பழகிவந்த தையல்காரம்மா வந்தார். ஐம்பதைக் கடந்தவர், இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருந்தார். வெளிநாடு போன மகன் தன் காரை உறைபோட்டு மூடி அவரிடம் விட்டுப் போயிருந்தான். கணவர் இல்லை. தாமே ஓட்டப் பழகி, துணி மூட்டைகளைத் தாமே ஏற்றிப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். தேர்வில் இருமுறை தவறியிருந்தார். அவருடைய பழகுநர் உரிமம் அந்த வாரத்தோடு முடிகிறது. சனிக்கிழமை நடக்கும் தேர்வில் தேறாவிட்டால் அனைத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"நாளைக்கு டெஸ்டுக்கு வேற வண்டி ஏற்பாடு பண்ணிட்டேன் மாஸ்டர். இன்னைக்கு ஒரே ஒரு தடவை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கிறேன். கை நடுக்கம் நின்னா போதும்."

"வண்டியில என் பெடல் இல்லம்மா. கழட்டியாச்சு. கூடாது."

"நான் நல்லா ஓட்டுறேன்னு நீங்களே சொன்னீங்களே. போன வாரம் முழுக்க உங்க காலே அசையலைன்னீங்க."

அது மாஸ்டர் ஊக்கத்துக்காகச் சொன்ன வார்த்தை. அவருடைய கால் போன வாரமும் அசைந்தது. அசைந்ததை அவரே அறியாத அளவுக்கு அது அவர் உடம்பில் ஊறியிருந்தது. அந்த அம்மாள் வாசற்படியிலிருந்து இறங்காமல் நின்றார். கையில் ஊசி குத்திய தழும்புகளோடு தைத்துத் தைத்துச் சேர்த்ததைக் கட்டணமாகக் கொடுத்தவர். கடைசி மாணவி. மாஸ்டர் சாவியை எடுத்தார்.

"கிடங்குத் தெருவோட சரி. மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது" என்றார். கைப்பிரேக் நடுவில் இருக்கிறது, தேவைப்பட்டால் அதைத் தூக்கிவிடலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கிடங்குத் தெருவில் ஒருபுறம் முழுவதும் நீண்ட மதில். அந்நேரத்தில் அங்கே நடமாட்டம் இராது. தையல்காரம்மா அழகாகவே ஓட்டினார். கியர் மாறுவது தெரியவில்லை, கை நடுங்கவில்லை. மாஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்தது. பள்ளியின் கடைசிப் பாடம் இந்த வண்டியில் இவ்வளவு நன்றாக முடிந்ததே என்று நினைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், நாளைக்கும் இப்படியே போயிட்டா பரவாயில்லை."

"போகும், போகும். வளைவு வருது, வேகத்தைக் குறைங்க."

வளைவைத் தாண்டியதும் குப்பை லாரி ஒன்று தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்புறத்தை இருவருமே பார்த்தார்கள். தையல்காரம்மா காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தார். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு, வண்டி நிற்கும் என்று காத்திருந்தார்.

மாஸ்டரின் வலக்கால் போயிற்று. வழக்கம்போல அவர் மனத்துக்கு முன்பே போயிற்று. புதிய ரப்பர் விரிப்பின்மேல், பற்றவைத்த தகட்டின்மேல், தம் உடம்பின் முழு எடையையும் ஏற்றி அவர் மிதித்தார். தகடு அசையவில்லை. கைப்பிரேக் அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தக் கைக்கு அப்படியொரு பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை; அது இருக்கையின் விளிம்பைப் பற்றியபடியே இருந்துவிட்டது. இன்னும் மிதித்தார். மிதித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி லாரியின் அடியில் போய்ச் சொருகியது.

சத்தம் அடங்கியபின் தையல்காரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். குரலில் கோபம் ஏதும் இல்லை, புரியாமைதான் இருந்தது.

"ஏன் மாஸ்டர் நிக்கல?"

"நீங்க மிதிக்கலையா?"

"நீங்க மிதிப்பீங்களே மாஸ்டர்."

மருத்துவமனையில் தையல்காரம்மாவின் நெற்றிக்கு நான்கு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மாஸ்டருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவருக்கு அது விளங்கவில்லை.

"காலை எதுலயாவது ஊனி உதைச்சீங்களா?"

"பிரேக் போட்டேன்."

"நீங்களா ஓட்டினீங்க?"

"இல்லை."

மருத்துவர் படத்தை இறக்கிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார். தலையில் அடி ஏதும் பட்டதா என்று மற்றொரு படம் எடுக்கச் சொன்னார்.

கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் மாஸ்டர் கிடந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேர்வில் தவறிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கோட்டைத் தாண்டி நின்ற வங்கிக் காசாளர். அதிகாரியின் முன்னால் கம்பத்தை இடித்த பல் மருத்துவர். மூன்று முறை வந்து, பிறகு வராமலே போன அஞ்சல்காரர். அவர்களுள் ஒருவருக்கும் பயம் இல்லை. அதிகாரி மிதிப்பார் என்று அவர்கள் காத்திருந்தார்கள். இத்தனை காலமும் அவர்கள் கால் எழும் முன்பே தம் கால் எழுந்து அந்த வேலையை முடித்துவிட்டதை அவர் அப்போதுதான் கண்டார். வளைக்கவும் திருப்பவும் பின்னோக்கி எடுக்கவும் கற்றுக்கொடுத்தவர், நிறுத்துவதை மட்டும் ஒருவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்காகத் தாமே நிறுத்திக்கொண்டிருந்தார். கீறல் விழாத வண்டி என்று கொண்டாடியதன் பொருள் அதுதான்.

இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்வதற்குரியவர்கள் இந்நேரம் எந்தெந்தச் சாலையில் எப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது அவருக்கு வியர்த்தது.

பின்னர் நடந்தவை எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. இரண்டாவது பிரேக் இல்லாத வண்டியில் பயிற்சி கொடுத்ததற்காகப் பள்ளியின் அனுமதி ஆண்டு முடியும்வரையில்கூடக் காத்திராமல் ரத்தாயிற்று. அதே காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. மதிப்பிட வந்த பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது. "ஆக்சிடென்ட் ஆன வண்டியைச் சிஸ்டம் எடுக்காது சார். சுத்தமான வண்டின்னு மேனேஜர்கிட்டக்கூடச் சொல்லியிருந்தேன்" என்றாள். மாதமும் முடிந்தது. குதிகால் கூடினாலும் முன்போல் ஊன்றி மிதிக்க வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"பெரிய ஸ்கூல்ல போன் எடுக்கிறதுக்கு ஆள் வேணுமாம் மாமா. உட்கார்ந்த இடத்துல வேலை. சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டான் கமிஷன். வாயாடிப் பழகிய அவனுக்கு அதைக் கேட்கும்போது கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"சொல்லி வை" என்றார் மாஸ்டர். மறுப்பதற்குக் காரணம் தேடிப் பார்த்தார். வழக்கமாக ஏராளமாகக் கிடைப்பவை அன்று ஒன்றும் அகப்படவில்லை.

தையல்காரம்மா ஒருநாள் மாலையில் பார்க்க வந்தார். நெற்றியில் தழும்பு சற்றுக் கோணலாக ஆறியிருந்தது. "நான் தைச்சிருந்தா நேரா வந்திருக்கும்" என்று அவர்தாம் முதலில் சொல்லிச் சிரித்தார். மாஸ்டர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையமர்த்தினார்.

"விடுங்க மாஸ்டர். எனக்கு அது வரலைன்னு ஆயிடுச்சு. இனிமே தொட மாட்டேன். பையன் வண்டியை வித்துடலாம்னு இருக்கேன். உங்ககிட்டக் கேட்டுச் செய்யின்னு சொன்னான். எப்ப வித்தா நல்லது?"

முன்பு எத்தனையோ பேருக்கு அவர் மூச்சுவிடாமல் சொன்ன விடை அது. மாஸ்டர் மேசைமேல் இருந்த பொம்மைக் காரை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"விக்க வேண்டாம்மா. வேற யார்கிட்டயாவது கத்துக்கங்க. உங்களுக்கு ஓட்ட வந்துடுச்சு. என்கிட்டதான்…" என்று தொடங்கி நிறுத்தினார்.

"ஐயோ, வேண்டாம் மாஸ்டர்" என்றார் அந்த அம்மாள். வந்ததற்கு அடையாளமாகக் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு எழுந்துபோனார். அடுத்த வாரத்திலேயே அவர் வீட்டு வாசலில் உறைபோட்ட வண்டி இல்லை என்று கமிஷன் சொன்னான். விற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

மாஸ்டரின் வண்டி நசுங்கிய முகத்தோடு அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. பழைய இரும்புக்காரர் ஒருநாள் காலையில் வந்து பார்த்தார். எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். பிறகு, வாய்தவறியவர்போல், "அடுத்த மாசம் இரும்பு ஏறும்னு சொல்றாங்க சார். வேணும்னா பொறுத்துக் கொடுங்க" என்றார்.

மனைவி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். கமிஷனும் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் மாஸ்டர்.

தூக்கும் லாரி அந்தக் குறுகிய சந்துக்குள் வரவில்லை; சரிவின் கீழே, சந்து முனையில், குறுக்கே நின்றது. அதுவரையில் வண்டியைத் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். இரும்புக்காரரும் கமிஷனும் பின்னாலிருந்து தள்ளினால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவர் வேண்டும். கட்டுப்போட்ட காலோடு மாஸ்டரால் உள்ளே நுழைய முடியாது.

"நான் உட்கார்றேன்" என்றாள் மனைவி.

அவள் அந்த இருக்கையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவரிடம் தனக்கும் கற்றுக்கொடுக்கும்படி அவள் கேட்டதில்லை, கற்றுக்கொள்கிறாயா என்று அவரும் கேட்டதில்லை. கட்டணம் கொடுத்து வந்தவர்களின் நேரம் போக மிச்சம் இருந்தபோது, பெட்ரோலை வீணாக்குவானேன் என்று இருவருமே இருந்துவிட்டார்கள். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மாஸ்டர் ஊன்றுகோல்களோடு கதவருகே வந்தார்.

"இதுதான் பிரேக். இன்ஜின் ஓடாததால ஸ்டியரிங் கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் பிடி. மெதுவாத்தான் போகும், பயப்படாதே. நான் பக்கத்துலயே வர்றேன். எப்ப நிறுத்தணும்னு நான் சொல்றேன்."

"சரிங்க."

தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. மாஸ்டர் ஊன்றுகோல்களை மாற்றி மாற்றி வைத்து, ஜன்னலோடு சேர்ந்தே நடந்தார். நாலைந்து வீடு தாண்டியதும் சரிவு தொடங்கியது. தள்ளியவர்களின் கையைவிட்டு வண்டி தானாகவே முந்திக்கொண்டது. ஜன்னல் அவரைக் கடந்து போயிற்று, பின்கதவு போயிற்று, அவர் பின்தங்கிவிட்டார். முன்னால் லாரி குறுக்கே நின்றது. மாஸ்டர் கத்த வாயெடுத்தார். கட்டுக்குள் இருந்த கால் துடித்தது; வலி தலைக்கேறி, குரல் எழும்பவில்லை.

வண்டி நின்றது. லாரிக்கும் அதற்கும் இடையில் ஓர் ஆள் தாராளமாக நடந்துபோகலாம்.

மாஸ்டர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். மனைவி இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பெடலை மிதித்தபடி, முதுகை இருக்கையில் அழுத்திக்கொண்டு, இன்னும் அப்படியே இருந்தாள்.

"நான் சொல்லவேயில்லையே" என்றார்.

"எதை?"

"மிதின்னு."

"அதை வேற சொல்லணுமா? முன்னாடி லாரி நிக்குதே" என்றாள். பிறகு, "கல்லு மாதிரி இருக்குங்க. காலை எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

கமிஷன் ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்தான். "எடு அக்கா, எடு. இறங்கு, தூக்கணும்" என்றான். அவள் கதவின் பிடியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. மாஸ்டர் வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

லாரிக்காரர் கொக்கியை மாட்டினார். வண்டியின் முன்பக்கம் மேலே எழுந்தது. அதற்குமேல் அதை ஓட்டவோ நிறுத்தவோ யாரும் தேவைப்படவில்லை. இரும்புக்காரர் சாவியைக் கேட்டார், மனைவி கொடுத்தாள்.

திரும்பும்போது சந்து ஏற்றமாக இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒருமுறை மாஸ்டர் நின்று இளைப்பாறினார். அவள் அவரைவிட்டு முந்தாமல் உடன் நின்றாள்.